வாயடைத்த வரி

அலுவலகத்தில் அவனை ‘அமைதி’ என்றே அழைத்தார்கள். சுவாசக் கருவிகளுக்குள் ஓடும் நிரலைச் சோதிப்பது அவன் வேலை. அவன் எழுதும் சோதனை நிரல்களை, பிழைகளைச் சுட்டிக்காட்டி இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் இட்டால் ஓர் எச்சரிக்கைகூட எழாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எச்சரிக்கைகளின் வாயை அடைக்கும் வரியொன்றை எழுதிவைப்பது அவன் வழக்கம். “வெறும் சோதனைதானே, நோயாளிக்கா போகுது?” என்பான்.

அன்று மாலை வானம் இருட்டி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில், அதே கருவியின் துணையோடு மூச்சுவிடும் அக்காவின் அருகில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்தான்.

“குழாய் கழண்டா இது கத்தணும்தானேடா? காலையில கழண்டுச்சு. மூச்சே விடலை அது. நானே மாட்டிக்கிட்டேன்.”

“உன் வாய்க்குப் பயந்து அடங்கியிருக்கும்க்கா.”

“ஆமா, உன்னை மாதிரியே.” தலைமாட்டுக் கைமணியை ஆட்டிக் காட்டினாள். கணீரென்று ஒலித்தது. “இனிமே இதுதான் துணை.”

சிரித்தான், காதுமடல் சுட்டது. அவள் கண்ணயர்ந்ததும், சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்து, குழாய் கழல்வதைச் சோதிக்கும் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கினான். உடனே எச்சரிக்கை வந்தது: இந்த ஒப்பீடு எப்போதும் உண்மையாகவே இருக்கும். பூச்சியத்திற்குக் கீழே இறங்கவே இயலாத எண்ணைப் பார்த்து, ‘இறங்கவில்லை, நலம்’ என்று அவனுடைய சோதனை இத்தனை காலமும் சான்று அளித்து வந்திருக்கிறது. கருவிகள் வீடுவீடாகப் போய்விட்டன.

வெளியே தெரிந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நாளை ஓசையில்லாமல் திருத்திக்கொள்ளலாம். வரியை மீண்டும் எழுதினான்.

மழையின் ஓசை நின்றது.

ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. மேசையைத் தட்டினான். ஒலி இல்லை. விசைகளை அழுத்தினான். இல்லை. திரும்பினான்.

குழாய் தரையில் கிடந்தது. கருவியில் பச்சை விளக்கு. அக்காவின் உதடுகள் நீலம். அவள் கையில் மணி ஆடிக்கொண்டிருந்தது, வெறிகொண்டு, ஓசையின்றி.

பாய்ந்து குழாயை மாட்டினான். அவள் மார்பு எழுந்தது. அவள் கண்கள் மட்டும் அவனை விட்டு அகலவில்லை. வரியை அழித்தான். ஓசை திரும்பவில்லை.

ஜன்னலுக்கு அப்பால், நனைந்த தெருவின் எதிர்வரிசையில், வீடுதோறும் பச்சை வெளிச்சம். ஒவ்வொன்றிலும் ஒரு கை. ஒரு மணி.

ஒரு கை ஆடுவதை நிறுத்தியது.

பிறகு இன்னொன்று.

தன் தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்தான்.