வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கலைவாணி சின்ன காஞ்சிபுரத்து வீட்டைத் திறந்தாள். பூட்டு முரண்டு பிடித்தது. உள்ளே, ஒரு காலத்தில் தறி இருந்த கூடத்தில், தார்ப்பாய் போர்த்திய பந்தய மோட்டார் பைக் நின்றது. தன் அப்பாவின் தறியை விற்று அந்த வண்டியை வாங்கியவன் அவள் புருஷன் குமரகுரு. தெருவே கைகொட்டிச் சிரித்தது. அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கூட வந்த டேனியல் வாசலோடு நின்றுவிட்டான். குமரகுரு ஓட்டிய எல்லாப் பந்தயத்திலும் அவன்தான் மெக்கானிக். எந்நேரமும் இந்தக் கூடத்திலேயே கிடந்தவன், இப்போது படியேறவில்லை.

"அண்ணி, நாளைக்குக் காலைல முசரவாக்கத்துப் பையன் வந்து வண்டிய எடுத்துக்கினு போயிடுவான். சேசிஸ் வளைஞ்சிருக்குதுன்னு சொல்லிட்டேன். பார்ட்ஸுக்குத்தான் வாங்குறான்."

"உள்ள வாப்பா. காபி போடறேன்."

"இன்னொரு நாள் வரேன் அண்ணி."

பந்தயத்தில் குமரகுரு செத்தபிறகு எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்ததை அவள் கேட்டாள்.

"கடைசியா என்னா சொன்னாரு?"

டேனியல் தரையைப் பார்த்தான். "விழுந்ததுல பெருசா ஒண்ணும் ஆவல அண்ணி. பின்னாடி வந்த வண்டி மேல ஏறிடுச்சு. தூக்கும்போது, வண்டி எப்படிடா இருக்குதுன்னு கேட்டான். ஒண்ணும் ஆவலன்னு சொன்னேன். யாரு விழுந்தாலும் நாங்க அப்படித்தான் சொல்லுவோம். இல்லன்னா ஒடஞ்ச காலோட எழுந்து வண்டிகிட்ட ஓடுவானுங்க."

"என்னப் பத்தி எதுனா..."

அவன் தெருப்பக்கம் திரும்பினான். கிளம்பிப் போய்விட்டான்.

பந்தயக்காரர்களின் வழக்கம் அது. எலும்பு முறிந்தாலும் முதல் கேள்வி வண்டியைப் பற்றித்தான். ஆறு வருட தாம்பத்தியத்தில் கலைவாணிக்கு அது பழகித்தான் போயிருந்தது. அவள் டைபாய்டில் கிடந்தபோதும் கூடத்திலிருந்து ஸ்பானர் சத்தம்தான் வந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். சாகும்போதுகூட அது நடக்கவில்லை.

விளக்கேற்றிவிட்டுத் திரும்பினாள். பெட்ரோல் வாசனை. அதோடு கருகிய ரப்பர் நாற்றம்.

டிக்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்தது.

டிக்... டிக்...

நெடுந்தூரம் ஓடிவந்த இன்ஜின், நிறுத்தியபின் சூடு ஆறும் சத்தம். அவள் தார்ப்பாயை விலக்கி சைலன்சரைத் தொட்டாள். விரல் சுட்டது.

டேங்கில் இருந்த பெட்ரோலை டேனியல் விபத்து நடந்த அன்றைக்கே வடித்துவிட்டிருந்தான்.

"வண்டி எப்படி இருக்குது?"

முதுகுக்குப் பின்னால், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுவதுபோல அடைத்த குரல். அவள் திரும்பவில்லை. டேனியல் சொன்ன பொய்யையே சொல்லியிருக்கலாம். சொன்னால் தினமும் வருவான், தினமும் இதையே கேட்பான்.

"நொறுங்கிப் போச்சு," என்றாள். "நீங்களும் போயிட்டீங்க. மூணு மாசமாவுது. உங்களுக்கு யாருமே சொல்லலியா?"

டிக் சத்தம் நின்றது.

பந்தயத் தோல் உடுப்பு கிறீச்சிட, ஒரு கால் தரையில் இழுபட்டுக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தது. போகிறான். இப்போதும் கேட்காமலேயே போகிறான். பயத்தையும் மீறி அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இழுபட்ட கால் நின்றது.

திரும்பி வந்தது.

அவள் காதருகே, "நீ எப்படிம்மா இருக்குற?"

எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி! கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யோசித்துப் பேசும் நிலையில் அவள் இல்லை. உண்மை வாயில் வந்துவிட்டது.

"தனியா இருக்குறேங்க."

பெட்ரோல் வாசனை மெல்லக் கலைந்தது.

காலையில் முசரவாக்கத்துப் பையன் குட்டியானை மினிலாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனான். அதோடு குமரகுருவும் போயிருப்பான் என்று கலைவாணி நினைத்தாள். கூடத்தைக் கழுவித் துடைத்தாள். மனசு லேசாகவும் இருந்தது, வெறிச்சென்றும் இருந்தது. மத்தியானம், வெயில் ஜன்னல் வழியாகக் கூடம் முழுக்க விழுந்துகொண்டிருந்தபோது, தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள்.

அவள் பாயை ஒட்டி இன்னொரு பாய் விரிந்திருந்தது.

அதன்மேல் கருஞ்சரளை சிதறிக் கிடந்தது. சறுக்கி வரும் வண்டியை நிறுத்துவதற்காகப் பந்தயத் தடத்தின் வளைவுகளில் கொட்டி வைத்திருப்பார்களே, அந்தக் கல். விழுந்து எழுந்தால் உடுப்பின் மடிப்பெல்லாம் அதுதான் இருக்கும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெறும் காற்றிலிருந்து இன்னொரு கல் பாயில் விழுந்தது.