இரண்டு பத்துக்கு வந்த சூரியப் புயல்

மாலை 4.05.

மண்டபம் கடற்கரையில், பூமியின் காந்தத்தை அளக்கும் காந்தக் கூடத்தில், விஞ்ஞானி பொன்னுச்சாமி தேக்குப் பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினார். சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கியின் ஜெர்மன் லென்சைக் காணோம். பூட்டு உடையவில்லை. பித்தளைச் சாவி வழக்கம்போல வாசற்படிக்கு அடியில்தான் இருந்தது. அந்த இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், உதவியாளன் கபீர், காவலாளி முனியசாமி.

அது 1958 நவம்பர். முந்தின நாள் காலை எட்டரைக்குச் சூரியனில் ஒரு வெடிப்பைப் பார்த்தவர் பொன்னுச்சாமி. அதன் வீச்சு மறுநாள் உச்சிக்கும் அந்திக்கும் நடுவே பூமியைத் தொடும், தொட்டால் பூமியின் காந்தம் ஆடும், வயர்லெஸ் ஊமையாகிவிடும் என்று கணித்தவரும் அவரே. காணாமல் போன பதினொரு மீனவர்களைத் தேட மோட்டார் லாஞ்சு அவர் சொல்லுக்காகத் தயாராக நின்றது. கடலிலோ மூட்டம். பாறைகளுக்கு நடுவே லாஞ்சு திரும்பி வர வயர்லெஸ் ஒன்றே துணை. மதியம் முழுக்கத் துறைமுகத்தில் பெண்கள், லாஞ்சை அனுப்பச் சொல்லிப் பொன்னுச்சாமியின் காலைப் பிடித்து அழுதார்கள்.

இரண்டரைக்கு அவர் கூடத்துக்குத் திரும்பினார். கருவி தாளில் வரைந்த கோடு 2.10க்குக் குதித்து 2.22க்கு அடங்கியிருந்தது. புயல் வந்தது, வலுவில்லை, போய்விட்டது என்று துறைமுகத்துக்குச் சொல்லி அனுப்பினார். அப்படி நம்ப அவருக்கு ஆசையாக இருந்தது. மூன்று மணிக்கு லாஞ்சு கிளம்பியது. முனியசாமியின் மகன் தங்கசாமிதான் டிரைவர்.

4.20.

சப்-இன்ஸ்பெக்டர் சலாஹுதீன் கபீரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"சார் தொறமுகத்துல இருந்தப்ப நீ எங்கலே இருந்தே?"

"இங்கதான் சார், ரெண்டு மணிக்கு மட்டும் பனைக்குப் பின்னால லுஹர் தொழுதுகிட்டு இருந்தேன்."

"பாத்தது யாரு?"

"அல்லாஹ்தான் சார்."

"நீ எங்கன நின்னே?" என்று முனியசாமியிடம் திரும்பினார்.

"வேலிகிட்டதான்யா. உள்ள நான் காலெடுத்து வச்சதே இல்லையே." காலைத் தாங்கித் தாங்கி முன்னால் வந்தான். பர்மா யுத்தத்தில் தொடையில் ஏறிய குண்டுச் சில்லு; எடுத்தால் ஆபத்து என்று டாக்டர் அப்படியே விட்டுவிட்டார்.

சலாஹுதீன் கூடத்துக்குள் நுழையப் போனார். கபீர் அழுகைக்கு நடுவிலும் பதறினான்.

"சார், பெல்ட்டக் கழட்டி அந்த மரத்துல மாட்டுங்க. இரும்பு உள்ள போனா கோடு குதிச்சிரும்!"

பொன்னுச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், பெரிய தப்புப் பண்ணிட்டேன். சூரியப் புயல் வந்தா ஒரு நாள் முழுக்க ஆட்டிட்டுத்தான் ஓயும். பன்னெண்டு நிமிஷத்துல எந்தப் புயலும் அடங்காது. யாரோ இரும்போட இங்க வந்து நின்னுருக்கான்."

"அப்ப இவன்தானே?"

"கபீர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவ உள்ள போறான். கோடு அசைஞ்சதே இல்ல." முனியசாமியைப் பார்த்தார். "நீங்க கத்தி, பெல்ட்டு எல்லாம் மரத்துல மாட்டிட்டுத்தான் போயிருப்பீங்க. தொடையில இருக்கிறத எங்க மாட்டுவீங்க?"

முனியசாமி மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"லென்சைக் கொடுத்தா எம்மகன மலேயாவுக்குக் கப்பலேத்துறேன்னு ஒருத்தன் சொன்னான்யா. இந்தக் கடல்ல அவன் சாக வேணாம்னுதான்..."

"அப்ப நெசமான புயல்?" என்றார் சலாஹுதீன்.

"இன்னும் வரல."

4.48.

முனியசாமியையும் ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் வயர்லெஸ் நிலையத்து வாசலில் நின்றது. ஆபரேட்டர் தொண்டை கிழிய லாஞ்சைக் கூப்பிட்டார். நாலாவது தடவைதான் பதில் கிடைத்தது.

"தங்கசாமி பேசுறேன். தோணியக் கண்டுட்டோம். பதினொரு பேரும் உசுரோட இருக்காங்க. மூட்டத்துல ஒண்ணும் தெரியல, எந்தப் பக்கம் திருப்ப..."

பிறகு வெறும் இரைச்சல்.

ஆபரேட்டர் பத்து நிமிடம் குமிழ்களைத் திருகிப் பார்த்தார். தாளைக் கவனிக்கக் கூடத்தில் விட்டு வந்த கபீர் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

"சார், 4.53க்குக் கோடு குதிச்சிருச்சு. இறங்கவே இல்ல சார்."

முனியசாமி மைக்கைப் பிடுங்கிக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை.

"ஒங்கப்பன் பேசுறேன்டா தங்கசாமி. கேக்குதா? இங்கன திருப்புடா... இங்கன..."