இருளாயியின் சம்மதம்

நடு அறையின் பலகைச் சுவரில் எண்ணெய்க் கறை மூன்றாம் முறையாக வந்திருந்தது. உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் தலை சாய்கிற உயரத்தில், ஒரு கையகலத்துக்குப் பலகை கறுத்திருந்தது. முதல் தடவை நல்லம்மாள் சாம்பல் வைத்துத் தேய்த்தாள். இரண்டாம் தடவை சவர்க்காரமும் வெந்நீரும். நேற்று அவள் புருஷன் சன்னாசி உளியை வைத்து அந்த இடத்தைச் சீவியே எடுத்துவிட்டான். உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. இன்று சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடம், அதே அகலம், தொட்டால் பிசுபிசுப்பு. பழைய மரம் எண்ணெய் கக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னாளே ஒழிய, விரலை மோந்து பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஈப்போவில் புந்தோங் பக்கம் வீடு. துத்தநாகக் கூரை, மூன்று அறை, கொல்லையில் கிணறு, இரண்டு மாடு கட்ட இடம். சுங்காய்த் தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு வருஷம் கித்தா மரம் சீவி, ரப்பர்ப் பால் எடுத்துச் சேர்த்த காசு அத்தனையும் இதில்தான் கிடந்தது. காதில் கிடந்ததும் கழுத்தில் கிடந்ததும் இதில்தான். கித்தா விலை ஏறியிருந்த வருஷம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றவள் நல்லம்மாள். தோட்டத்துக் கூலி லயத்து அறையில் இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டையும் லயத்துக்குப் பின்னால் புதைத்தாள். வயிற்றில் இருக்கும் மூன்றாவதாவது சொந்தக் கூரைக்குக் கீழே விழட்டும், அது பிழைக்கும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். இப்போது ஏழாம் மாதம்.

வீடு வாங்குவது என்ன கத்தரிக்காய் வாங்குகிற காரியமா? கேட்டு, விசாரித்துத்தான் இறங்கினார்கள். நிலக் கந்தோருக்கு எதிரில் மேசை போட்டு மனு எழுதுகிற யாழ்ப்பாணத்துக்காரர் கார்த்திகேசுதான் புத்தி சொன்னார்.

"கூரையை மழை நாளிலை போய்ப் பார். கிணத்தை வெயில் நாளிலை பார். கையிலை கிடக்கிற காசு முழுதையும் வீட்டிலை போடாதை, ஆறு மாசச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி வை. எல்லாத்துக்கும் மேலை, நிலப் பத்திரம், அந்தக் கிராண்டிலை எத்தனை பேரின்ர பேர் கிடக்குதோ, அத்தனை பேரின்ர கைநாட்டும் விழவேணும். ஒண்டு குறைஞ்சாலும் அது உன்ர வீடு இல்லை."

கூரையைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு ஒதுக்க மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை.

விற்றவன் சீனி. கப்பலேறி ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தான். ஐந்நூறு வெள்ளி போகிற வீட்டை நானூறுக்குச் சொன்னான். கிராண்டில் அவன் பெயரோடு அவன் அக்காள் இருளாயியின் பெயரும் இருந்தது. அக்காளுக்குச் சயரோகம், பேச்சு நின்றுவிட்டது, கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்றான். கைநாட்டு வாங்க வந்த கார்த்திகேசு, மூக்கில் லேஞ்சியைப் பொத்திக்கொண்டு, நடு அறை வாசலுக்கு நாலு முழம் தள்ளியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, நீ உள்ளை போ. பொம்பிளைக்குப் பொம்பிளை. பெருவிரலை மையிலை ஒத்தி, கோடு போட்ட இடத்திலை வை."

நல்லம்மாள்தான் போனாள். சன்னல் அடைத்திருந்தது. கற்பூர வாசம் தூக்கலாக இருந்தது. இருளாயியைச் சுவரில் சாய்த்து உட்கார்த்தி, கழுத்து வரை கம்பளி போர்த்தியிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தேய்த்துப் படிய வாரியிருந்தது. கம்பளிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்ததுமே நல்லம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. விஷக்காய்ச்சல் வந்த வருஷம் லயத்தில் செத்த பெண்களையெல்லாம் குளிப்பாட்டியவள் அவள். நோயாளியின் கை சில்லிட்டிருக்கும், ஆனால் இப்படிக் கனக்காது. விரல்கள் இப்படி முரண்டு பிடிக்காது.

"அவவுக்குச் சம்மதமோ எண்டு கேள். தலையை ஆட்டுறாவோ?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

நிலையைப் பிடித்தபடி சீனி நின்றான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொன்னால் வீடு போச்சு. இன்னொரு வீடு இந்த விலைக்குக் கிடைக்காது. மறுபடியும் லயம், விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டு, மறுபடியும் ஒரு குழி. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆட்டுறாங்க ஐயா. சம்மதம்தானாம்" என்றாள்.

பிறகு அந்தப் பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்து அழுத்தினாள். ரேகை சுத்தமாக விழுந்தது. மறுநாள் சாயங்காலம் அக்காள் இறந்துவிட்டதாகச் சீனி ஊருக்குச் சொன்னான், எடுத்து அடக்கம் செய்தான், ஒரு வாரத்தில் பினாங்கு போய்க் கப்பலும் ஏறிவிட்டான். பாவி நல்லம்மாள் இதைச் சன்னாசியிடம் கூடச் சொல்லவில்லை.

குடிவந்த பத்தாம் நாள் சத்தம் ஆரம்பித்தது. ராத்திரியில் அல்ல. ராத்திரி வீடு அதுபாட்டுக்குத் தூங்கியது. பகல் இரண்டு மணிக்கு, சன்னாசி ரோட்டு வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில், தெருவில் காக்காய் கூடக் கத்தாத வெயிலில், துத்தநாகம் காய்ந்து டிக் டிக்கென்று சொடுக்குகிற சத்தத்துக்கு அடியில், தேங்காய் நார் வைத்துப் பானையை யாரோ நிதானமாகத் தேய்ப்பதுபோல ஒன்று கேட்டது. சர்ர். கொஞ்சம் நிற்கும். சர்ர். எலி என்று நினைத்தாள். கரையான் என்று நினைத்தாள். நடு அறை வாசலில் போய் நின்றால் நின்றுவிடும், அடுப்படிக்குத் திரும்பினால் தொடங்கிவிடும். கூடவே கற்பூர வாசம், அதற்குள் ஊசிப்போன தேங்காய் எண்ணெயின் வாசம்.

பின்னறையை மாதம் இரண்டு வெள்ளிக்கு வாடகைக்கு விட்டாள். மாடு வாங்கச் சேர்க்க அந்தக் காசு உதவும் என்று கணக்கு. சலவை வேலை செய்கிற ராக்காயி குடிவந்தாள். நாலாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் வாரேன் அக்கா. முன்பணம் வேணாம், நீங்களே வச்சிக்கிங்க."

"ஏன்டி, என்ன குறை?"

"குறையில்ல. நடு ரூம்ல யாரோ சுவத்துல சாஞ்சிக்கிட்டுத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுறாங்க. மாட்டேன் மாட்டேன்னு சொல்றாப்ல இருக்குலா. எனக்குப் பயமா இருக்கு."

அத்தனை நாளும் நல்லம்மாளின் காதில் விழுந்தது அன்றைக்குத்தான் மண்டைக்குள் விழுந்தது. எலியாவது, கரையானாவது. எண்ணெய்த் தலை பலகையில் உருளுகிற சத்தம் அது. இடப்பக்கம். வலப்பக்கம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருந்தது.

மறுநாளே கார்த்திகேசுவின் மேசைக்கு ஓடினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"நீ என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. சாட்சிக் கையெழுத்து என்ரது, விளங்குதோ? வெளியிலை வந்தால் உனக்கும் மறியல், எனக்கும் மறியல், ரெண்டு பேரும் கம்பி எண்ணவேணும். வீடும் போகும், குடுத்த காசும் போகும்."

"அந்த அம்மா கையில காலுல விழுந்து கேக்கலாம்னா, ஆளு இல்லையே ஐயா. நான் என்ன செய்ய?"

"வித்துப்போட்டுப் போ. வாங்க வாறவனிட்டை ஒண்டும் சொல்லாதை."

வழி அது ஒன்றுதான். சன்னாசியைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று அவள் ஒரு வாரம் மருகினாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருந்தான், சாப்பிட்டுவிட்டு நடு அறையில் படுத்தான். இரண்டு மணிக்கு எழுந்து வெளியே வந்தவன் கிணற்றடியில் போய்க் குந்திக்கொண்டான். வெயில் தாழும் வரை உள்ளே வரவில்லை.

"ஏ புள்ள, நட்டமானாலும் பரவால்ல. வித்துட்டு லயத்துக்கே போலாம்" என்றான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சொந்தக் கூரை என்று பதினோரு வருஷம் கண்ட கனவு இரண்டு மாதம் கூடத் தாங்கவில்லையே என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் பிள்ளை இங்கே விழக்கூடாது. அது மட்டும் கூடாது. லயமோ, ரோட்டோரமோ, எங்கேயாவது விழட்டும்.

துணிக்கடை முகமது இப்ராஹிம் முன்னூற்றிருபது வெள்ளிக்குக் கேட்டார். சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பணத்தோடும் கார்த்திகேசுவோடும் வந்தார். கிராண்டில் இப்போது சன்னாசி பெயரும் நல்லம்மாள் பெயரும் இருந்தன. அவள் பெயரும் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு அடம்பிடித்து எழுத வைத்தது அவளேதான். முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சன்னாசி முதலில் விரலை வைத்தான். நடு அறைக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டிருந்தாள். உள்ளே சத்தமே இல்லை. இத்தனை நாளில் அந்த நேரத்தில் சத்தம் இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கார்த்திகேசு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பிள்ளை, உனக்குச் சம்மதமோ?"

சம்மதம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போகட்டும், தலையையாவது ஆட்டுவோம் என்று முகவாயைக் கீழே இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை.

தலை இடப்பக்கம் திரும்பியது.

நின்றது.

வலப்பக்கம் திரும்பியது.

"என்னம்மா, விலை காணாதா?" என்றார் இப்ராஹிம். "இன்னொரு இருபது போட்டுத் தாரேன்."

காணும் ஐயா, காணும், சும்மா வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் உள்ளுக்குள் கதறினாள். கழுத்து அவளுடையதாக இல்லை. பின்மண்டையில் ஏதோ ஈரமாக வழிந்து முதுகில் இறங்கியது. காலையில் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

இடப்பக்கம். வலப்பக்கம்.

"ஏ புள்ள, என்ன பண்ற? சரின்னு சொல்லு" என்றான் சன்னாசி.

இப்ராஹிம் பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு எழுந்தார். "வேணாம் தம்பி. அவங்க மனசு ஒப்பாத வீடு எனக்கு வேணாம். அது எனக்கு ஆகாது." செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார். கார்த்திகேசு தாள்களைச் சுருட்டிக்கொண்டு அவருக்கும் முந்தி ஓடினார்.

சன்னாசி அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்தான். கையில் எண்ணெய் வழுக்கியது. விடவில்லை. பலங்கொண்ட மட்டும் பிடித்தான்.

நின்றது.

வீடே நின்றுபோனது போலிருந்தது. கூரை சொடுக்கவில்லை. நடு அறையில் மூச்சுக்கூட இல்லை. நல்லம்மாளின் நாக்கு மெல்லப் பிரிந்தது. தலை அவள் சொன்னபடி கேட்டது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள், ஆடியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஓடுங்க. ஓடிப்போயி அவரக் கூப்பிடுங்க. சம்மதம்னு சொல்றேன். இப்ப சொல்றேன்."

அவன் எழுந்து வாசலுக்கு ஓடினான்.

அப்போது பிள்ளை அசைந்தது.

உதை அல்ல. இரண்டு பிள்ளை சுமந்தவளுக்கு உதை தெரியும், புரளுவது தெரியும். இது வேறு. சேலை விலகிய வயிற்றில், இடப்பக்கத்தில், தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று புடைத்தது. அங்கேயே கொஞ்சம் நின்றது.

அவள் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். வலித்தது. இன்னும் அமுக்கினாள்.

வாசற்படியில் திரும்பிப் பார்த்த சன்னாசி, நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

அவள் விரல்களுக்கு அடியில், அவசரமே இல்லாமல், அந்தச் சின்னத் தலை வலப்பக்கம் போனது. நின்றது. இடப்பக்கம் திரும்பியது.