ஜன்னலுக்கு ஒரு கவுன்

பட்டாணியின் அப்பாவுக்கு இரவு பஸ் ஓட்டும் வேலை. ஊரே எழுந்து பல் துலக்கும்போதுதான் அவர் படுக்கப் போவார். படுத்தால் போதும், வெயில் ஜன்னல் வழியாக வந்து சரியாக அவர் முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வாரமாக அவர் கண்கள் சிவந்தே இருந்தன.

“தூங்காம எப்படி பஸ் ஓட்டுவார்?” என்று அம்மா கவலைப்பட்டாள். அந்தக் கவலை பட்டாணியையும் தொற்றிக்கொண்டது.

“திரை தைச்சு மாட்டிடலாம்மா! அளவு நான் எடுக்கிறேன்.”

அப்பா அரைத்தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்தார். இரும்பு டேப்பை இழுத்தால் கடகடக்கும். அதனால் பட்டாணி தையல் டப்பாவிலிருந்து ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு பூனை நடை போட்டாள். ஸ்டூலில் ஏறி, நாடாவின் ஒரு முனையை ஜன்னலுக்கு மேலே இருந்த திரைக் கம்பியில் கட்டினாள். மறுமுனையை ஜன்னலின் அடிவரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

அந்த அளவோடு மடிப்புக்குக் கொஞ்சம் கூட்டி, அம்மா கருநீலத் துணியை வெட்டித் தைத்தாள்.

மறுநாள் காலை, அப்பா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திரையை மாட்டினார்கள். அது ஒரு முழம் குட்டையாக நின்றது! அடியில் புகுந்த வெயில் நேராகத் தலையணையில் விழுந்தது.

“சரியாத்தானே அளந்தேன்!”

பட்டாணி நாடாவை மறுபடி கம்பியில் கட்டி இழுத்தாள். முடிச்சு ஜன்னலின் அடிக்கு வந்தது. விட்டாள். சட்டென்று மேலே ஏறிக்கொண்டது.

“அடியே, இது எலாஸ்டிக்!” அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. “நானும்தான் கவனிக்கலை.”

பட்டாணிக்கு அழுகை முட்டியது. “துணி மிச்சமிருக்காம்மா?”

“கைக்குட்டை அளவுக்கு இருக்கு.”

பட்டாணி கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அலமாரியிலிருந்து மஞ்சள் பூப்போட்ட கவுனை எடுத்து வந்தாள். அப்பா வாங்கித் தந்தது. குட்டையாகிப் போய் ஒரு வருடமாகிறது. சித்தி மகள் கேட்டபோதுகூட அதைக் கொடுக்கவில்லை.

“இதை வெட்டி அடியில சேர்த்துத் தைச்சிடும்மா.”

“நிஜமாவா? அப்புறம் அழக் கூடாது.”

“சீக்கிரம் வெட்டு. என் மனசு மாறிடப் போகுது!”

அப்பா வந்தார், சாப்பிட்டார், கொட்டாவி விட்டபடியே போய்ப் படுத்தார். பட்டாணி கதவுக்கு வெளியே காவல் உட்கார்ந்தாள்.

மதியம் கதவு படாரென்று திறந்தது. தலை கலைந்து, சீருடைச் சட்டைக்குப் பொத்தானை மாற்றிப் போட்டபடி அப்பா ஓடி வந்தார்.

“இருட்டிடுச்சே! என்னை ஏன் எழுப்பலை? டியூட்டிக்கு லேட்!”

கூடத்து வெயிலில் கண் கூச, அப்படியே நின்றுவிட்டார்.

“மணி மூணுதான்ப்பா,” என்றாள் பட்டாணி.

அப்பா திரும்பிப் போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். “இந்தப் பூவை எங்கேயோ பார்த்திருக்கேனே?”

“என் கவுன்தான். எனக்குக் குட்டை. ஜன்னலுக்குச் சரியா இருக்கு.”

அப்பா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் கண்களில் சிவப்பு கொஞ்சம்கூட இல்லை.

“போங்கப்பா, இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கலாம்.”

பட்டாணி திரையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே குறட்டை தொடங்கியது. அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.