பெட்டிக்குள் பிரிசம்

பிரிசத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிய பிறகும் கருவி திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிரிசம் உள்ளேதான் கிடந்தது. முக்காலி மேல் நிற்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி, ஒளியைத் திருப்பியனுப்பும் இந்தக் கண்ணாடிப் பிரிசத்தைத் தானே தேடிப் பிடித்து, அது போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும்; அதனாலேயே அலுவலகம் துணைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. இப்போது அது எதைப் பிடித்திருக்கிறது?

பளபளப்பதையெல்லாம் பிரிசம் என்று நம்பி ஏமாறுவது அதன் குணம். லாரி விளக்கு, வேலையாட்களின் மினுங்கும் சட்டை. அதற்காகத்தான் கட்டி முடியாத இந்த நிலத்தடித் தளத்தின் ஒரே ஷட்டரை இறக்கி வெளியே பூட்டச் சொல்லியிருந்தாள். அப்படியும் காவல்காரர் இரண்டு தடவை அதைத் தூக்கி எட்டிப் பார்த்து, அளவைக் கெடுத்துத் திட்டு வாங்கினார்.

"இனிமே நானே கத்தினாலும் திறக்காதீங்கண்ணே," என்று கடைசியில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஈரச் சிமென்ட் வாடை, எங்கோ சொட்டும் தண்ணீர், தூணுக்குப் பின்னால் தூணாக இருட்டுக்குள் போய் முடியும் வரிசை, அதற்கிடையே ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், அவசரமே இல்லாமல் எதையோ பின்தொடரும் அந்த மோட்டாரின் முனகல். லென்ஸ் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள். தூண். நிழல். தூண்.

பள்ளி வாசலில் மகள் காத்திருப்பாள். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி ஷட்டரைத் தட்டினாள்.

"அண்ணே, திறங்க!"

"சோதிச்சுப் பாக்குறீங்களா தங்கச்சி? நீங்க சொன்னபடி திறக்க மாட்டேன்."

"விளையாட்டில்லண்ணே! சத்தியமா!"

"அப்ப வாங்கின திட்டே இன்னும் செரிக்கல. டீ குடிச்சிட்டு வந்துடறேன், நீங்க அளங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை.

கருவியோடு இணைந்த, கையிலிருந்த சின்னத் திரையில், அது பிடித்திருப்பதன் தூரம் ஓடியது. இருபத்திரண்டு மீட்டர். இருபத்தைந்து. கருவியை விட்டு அது விலகிக்கொண்டிருந்தது. விலகி, இந்தப் பக்கமாக. கருவியிலிருந்து ஷட்டர்வரை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவளே அளந்தது. முப்பத்தொன்று புள்ளி நாலு.

இருபத்தெட்டு.

முதுகை ஷட்டரோடு ஒட்டிக்கொண்டாள். இடையில் விரல் நுழையவும் இடமில்லை. எதிரே யாரும் இல்லை.

முப்பது.

முப்பத்தொன்று புள்ளி நாலு. எண் நின்றது.

லென்ஸ் நேராக அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. அவள் நெற்றியைத் தாண்டி. தலையைத் தாண்டி. இன்னும் மேலே. நின்றது.

மோட்டார் அடங்கியது. சொட்டும் சத்தமும்.

அவள் மூச்சு விடவில்லை.

மேலே பார்க்கவும் இல்லை.

எண் மாறவேயில்லை. லென்ஸ் மட்டும், மெல்ல, கீழே குனியத் தொடங்கியது.