இசைமதியின் நிலப்பெட்டி

செவ்வாய்க் கோளின் செங்குடியில் காலை மணி அடித்ததும் எல்லோரும் முதலில் போகும் இடம் மீட்பறை. பூமியில் அதைக் கழிப்பறை என்றார்களாம். எதையும் கழிப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. உடம்பிலிருந்து வெளியேறுவது நாற்பது நாளில் மண்ணாகி, அவரவர் பெயரில் சேரும். கதவைத் திறக்கும் உள்ளங்கை யாருடையதோ, மண் அவருடையது. மூன்று வயதுப் பிள்ளைகூடத் தன் கையை வைத்துத்தான் உள்ளே போகும்.

பத்து வயது நிறைந்தவர்களுக்கு விதைப்பு நாளில் அந்த மண்ணை நிலப்பெட்டியில் கொட்டிக் கொடுப்போம். அதில் விளைவது ஊர்ச் சமையலுக்கு வரும். அன்று முதல் அந்தப் பிள்ளையும் ஊரில் ஓர் ஆள்.

இசைமதி அதற்காகப் பாகல் விதை வைத்திருந்தாள். "ஊர்ல யாருமே பாகல் போடலை, அதான்" என்றாள். ஊரில் யாரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

பிறவிக் குறை ஒன்றால், பிறந்த மூன்றாம் நாளே மருத்துவர்கள் அவளுடைய குடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே திருப்பி வைத்துவிட்டார்கள். அங்கே சிவப்பாக, ஈரமாக ஒரு சிறு வாய். அதன்மேல், மலம் சேர ஒட்டிய பை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அதைக் காலி செய்ய வேண்டும். செய்தவர் அவள் அப்பா அறவாழி. பள்ளி இடைவேளைதோறும் வந்து, வீட்டு மீட்பறைக்கு அழைத்துப் போய், கதவில் கை வைத்து, பையின் அடிக் கிளிப்பைத் திறந்து, துடைத்து, மூடி, திரும்பக் கொண்டுவந்து விடுவார். சிறுநீருக்கும் அவள் போவது அவர் திறந்த கதவுக்குள்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவருடைய நிலப்பெட்டி ஊரிலேயே கொழுத்தது. "உனக்கு என்ன ரெண்டு வயிறா?" என்று கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார். விஷயம் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை; அவருக்கும்தான்.

விதைப்பு நாளில் மண்காவலர் ஜெசிந்தா, இசைமதியின் பெட்டிக்கு மேலிருந்த குழாயைத் திறந்தார். ஒன்றும் விழவில்லை. தட்டிப் பார்த்தார். பிறகு யார் பெயரில் எவ்வளவு மண் என்று காட்டும் பலகையைப் பார்த்தார்.

"உன் பேர்ல மண்ணே இல்லையேம்மா. நீ ஒரு தடவைகூடக் கதவுல கை வெச்சதில்ல."

இசைமதி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்போ பத்து வருஷமா நான் இந்த ஊர்லயே இல்லையாப்பா?"

"மத்த பிள்ளைங்க முன்னாடி உனக்குக் கூச்சமா இருக்கும்னுதாம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"எனக்கு எதுக்குக் கூச்சம்? உங்களுக்குத்தான்."

அவள் சொன்னது சரி என்று அப்போதுதான் அறவாழிக்கே தெரிந்தது. அது அவருக்கு மிகவும் வலித்தது.

"இதுல ஒண்ணும் பெரிய சிக்கல் இல்ல. அப்பா பெட்டியில பாதியை உன் பேருக்கு மாத்திடலாம். அவரு கை வெச்சா போதும்" என்றார் ஜெசிந்தா. அறவாழி அதற்குள் கையை நீட்டிவிட்டார்.

"வேண்டாம் ஆன்ட்டி. மறுபடியும் அவர் கைதானே?"

"நாற்பது நாள் ஆகும். இந்த விதைப்பு போயிடும்."

"போகட்டும். அடுத்ததுல போட்டுக்கிறேன்."

மற்றப் பிள்ளைகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் விதைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. பை நிறைந்திருந்தது. நேரே பள்ளி மீட்பறை வரிசையில் போய் நின்றாள். அறவாழி பின்னாலேயே வந்தார்.

அவள் முறை வந்ததும் அவர் கை தானாகக் கதவை நோக்கி எழுந்தது. இசைமதி அவரைப் பார்த்தாள். அவர் கையைக் கீழே இறக்கினார்.

அவள் தன் கையை வைத்தாள்.

"புதிய கை. பெயரைச் சொல்லவும்" என்றது கதவு.

"இசைமதி அறவாழி."

கதவு அவளை உள்ளே விட்டு மூடிக்கொண்டது. சிறிது நேரம் கழித்து அறவாழி கதவோரம் குனிந்து, "கிளிப் சரியா விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"விழுந்துடுச்சு. நீங்க வேலைக்குப் போங்கப்பா."

அவர் போகவில்லை. பின்னால் நின்ற சிறுமி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, நீங்க வரிசையில நிக்கிறீங்களா?"

"இல்லம்மா" என்று சொல்லி, அவர் ஒதுங்கி வழிவிட்டார்.