மெதுவா ஓடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது, மகள் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டால் மறுபடி மாட்ட மனம் வராது. அதனால் அவள் கழற்றவில்லை. சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை நிமிர்த்தினாள்.

போன வருஷம் பள்ளியின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில், வயலும் மேடும் வாய்க்கால் கரையுமாகச் சுற்றிவரும் அந்த நீண்ட ஓட்டத்தில், மகள் கடைசியாக வந்தாள். எல்லைக்கொடிகளை அதற்குள் பிடுங்கிவிட்டிருந்தார்கள். நீளக் கால்களுக்காக வீட்டில் செல்லமாக வைத்த 'வெட்டுக்கிளி' என்ற பெயரைப் பள்ளியில் கேலியாகச் சொன்னார்கள். இந்த வருஷம் எப்படியாவது அணியில் இடம்பிடிக்க வேண்டுமென்று விடியலில் ஓடத் தொடங்கினாள். இருட்டில் தனியாக விடமாட்டேன் என்றார் அப்பா. அந்த நேரத்துக்கு எழ அவரால் முடியாது. யார் துணைக்குப் போவது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா சைக்கிளில் போனாள்.

"இன்னைக்கும் மெதுவாதானா?"

சமையலறையிலிருந்து நாத்தனார் கேட்டாள். கணவனின் அக்கா. தனியாகிப்போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

"ஏன் அண்ணி?"

"பால் வாங்கப் போனப்ப என் காதால கேட்டேன். புள்ள ஓடுறா, நீ பின்னாடியே மெதுவா ஓடு, மெதுவா ஓடுன்னு பாடிக்கிட்டு வர. பந்தயத்துக்குத் தயார் பண்றியா, தாலாட்டித் தூங்க வைக்கிறியா?"

மகள் தலைநிமிராமலே சொன்னாள்.

"அத்தை சொல்றது சரிதாம்மா. கொஞ்சம் வேகம் எடுத்தாப் போதும், மெதுவா, மெதுவா... நான் ஜெயிக்கிறது உனக்குப் பிடிக்கலயா? இனிமே நீ வராதம்மா."

உள்ளறையிலிருந்து கணவனின் குரல் கொட்டாவியோடு வந்தது. "விடு, நான் ஸ்கூட்டர்ல கூடப் போறேன்."

அவள் சைக்கிளை மறுபடி சுவரில் சாய்த்தாள். கால் வீங்கியிருந்ததால் செருப்பின் வார் சதைக்குள் அழுந்திக் கிடந்தது. விரலை விட்டு நெம்பிக் கழற்றினாள். எத்தனையோ காலைகளில் ஏங்கிய படுக்கை அது. படுத்தாள். தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு விடியற்காலையில் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. "விடாத, இன்னும் வேகம், இன்னும்" என்று அவர் விரட்டுவது தெருமுனைவரை கேட்டது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். புள்ள பறக்குறா என்று நாத்தனார் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். சாப்பிடும்போதே கண் சொக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பை யாரோ தட்டுவதுபோல வலி. அம்மா ஒருநாள் வெந்நீர் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் ஆறியது. எடுத்துப்போய்க் கொட்டினாள்.

ஒரு சாயங்காலம் விளையாட்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"நல்லா ஏறிவந்த புள்ள இப்ப இறங்கிட்டே போறா. காலையில என்ன நடக்குது?"

"வேகமா ஓட வைக்கிறேன் டீச்சர்," என்றார் கணவன், கொஞ்சம் பெருமையோடு.

"தினமுமா?" டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "வேகத்துக்கு நான் கிரவுண்டுல நாள் ஒதுக்கியிருக்கேன். மத்த நாள் பேசிக்கிட்டே ஓடுற மாதிரிதான் ஓடணும். அதுலதான் மூச்சு வளரும். படிச்சுப் படிச்சு சொன்னேன், இதுங்க கேக்கல. ஏம்மா, முன்னாடி நீ யார் கூடப் போன? அவங்க சரியாத்தானே கொண்டுவந்தாங்க?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மகள் மெல்ல அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வேலைக்குக் கிளம்ப, முடியை முடிந்துகொண்டிருந்தாள்.

டீச்சர் போன பிறகு மகள் கேட்டாள். "உனக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

"எனக்கு என்னடி தெரியும்?"

"அப்புறம் ஏன் மெதுவா மெதுவான்ன?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வீடு இன்றே தலைகுனிந்துவிடும். ஆனால் அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"என்னால மிதிக்க முடியலடி," என்றாள். "ராத்திரி பூரா நின்னுட்டு வரேன்ல. நீ வேகம் எடுத்தா முழங்கால் விட்டுப்போகுது. அதான். வேற ஒண்ணுமில்ல."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ ஓடுறத நிறுத்திடுவ."

மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அந்தத் தலையில் கைவைத்தபடி சுவரையே பார்த்திருந்தாள். கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருடா," என்றாள் நாத்தனார்.

சில நாள் ஓய்வுக்குப் பிறகு மகள் மறுபடி ஓடினாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் ஹாரன் அடிக்காமல் பின்னால் உருண்டது.

அணித் தேர்வு அன்று அவள் வேலை முடிந்து நேராகவே மைதானத்துக்கு வந்தாள். எல்லைக்கோட்டுக்கு அருகே புல்மேட்டில் நாத்தனார் இடம் பிடித்து வைத்திருந்தாள். பெண்கள் மேட்டைத் தாண்டி மறைந்தார்கள். காத்திருப்பு நீண்டது. வெயில் ஏறியது. அம்மாவின் தலை மெல்ல ஒருபக்கம் சரிந்தது.

மகள் சேறு அப்பிய கால்களோடு ஓடிவந்து கோட்டைத் தாண்டினாள். டீச்சர் அணியைப் படித்தார். கடைசிப் பெயர் அவளுடையது. அணியில் அதுதான் மிச்சமிருந்த ஒரே இடம். மூச்சிரைக்க மேட்டில் ஏறினாள்.

"கெடச்சிடுச்சா?" நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ ஒண்ணையும் பாக்கல. இரு, எழுப்புறேன்."

"வேணாம் அத்தை."

"அடியே, அவ பாக்க வேணாமா..."

"விடியல்ல தினமும் பாத்தவதான். தூங்கட்டும்."

அவள் அம்மாவின் அருகே புல்லில் உட்கார்ந்தாள். நாத்தனார் நகர்ந்து, தன் நிழல் தூங்குகிறவளின் முகத்தில் விழுமாறு வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.